லவுஞ்சுக்காக ஒரு கிரெடிட் கார்டு வாங்கலாமா? சென்னைப் பயணி போட வேண்டிய கணக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணையில் வீடு, பழைய மாமல்லபுரம் சாலையில் அலுவலகம். வேலை நிமித்தம் மாதத்துக்கு ஒருமுறை ஹைதராபாத்துக்கோ புனேவுக்கோ பறக்கிறீர்கள். வரும் டிசம்பரில் மனைவி, ஆறு வயது மகள், அப்பா, அம்மா என்று ஐந்து பேராகச் சிங்கப்பூர் போகத் திட்டம். இந்த நேரம் பார்த்து வணிக வளாகம் ஒன்றில் கார்டு விற்கும் இளைஞர் உங்களை நிறுத்தி, ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் கொண்ட டிராவல் கார்டு (பயணச் சலுகைகள் உள்ள கிரெடிட் கார்டு) ஒன்றைக் காட்டி, “அளவில்லாத லவுஞ்ச், சார்” என்றிருக்கிறார். அதாவது, விமான நிலையத்தில் சாப்பாட்டோடு உட்கார்ந்து ஓய்வெடுக்கும் கூடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாமாம். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

லவுஞ்சுக்காக என்றால் வேண்டாம். வேறு காரணத்துக்காக அந்தக் கார்டு உங்களுக்குப் பொருந்தக்கூடும். அதைப் பின்னால் பார்க்கலாம். ஒரு வங்கியின் கார்டு பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். விற்பவர்கள் எதை முதலில் சொல்வார்கள், எதை நிபந்தனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வைப்பார்கள் என்பது பழகிப்போன விஷயம். லவுஞ்ச் எப்போதும் முதலில் வரும். ஏனென்றால் செலவுக்கேற்பக் கார்டில் சேரும் ரிவார்டு புள்ளிகளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சோபா, சூடான பொங்கல், காபி மெஷின் என்றால் எல்லோருக்கும் உடனே விளங்கிவிடுகிறது.

முதலில் அந்த லவுஞ்ச் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று பார்ப்போம். கவுண்டரில் பணம் கட்டி நுழைபவருக்கு ஒரு விலை சொல்வார்கள். அது ஆயிரத்தைத் தாண்டும். விற்பனையாளர் அந்த விலையை எடுத்துக்கொண்டு, ‘ஆண்டுக்கு 24 முறை போனால் இத்தனை ஆயிரம் லாபம்’ என்று பெருக்கிக் காட்டுவார். அந்தப் பெருக்கலில் ஓர் ஓட்டை இருக்கிறது. கார்டு இல்லாவிட்டால் அந்த ஆயிரத்தைக் கையிலிருந்து கொடுத்து உள்ளே போயிருப்பீர்களா? மாட்டீர்கள். வெளியே ஒரு காபி, இரண்டு இட்லி, மிஞ்சினால் ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். விமான நிலைய விலையிலேயே சாப்பிட்டாலும் 250 ரூபாய், 300 ரூபாயில் முடிந்துவிடும். உங்களுக்கு லவுஞ்ச் மிச்சப்படுத்துவது அந்தத் தொகையைத்தான்.

அதுகூட இப்போது குறைந்து வருகிறது. விமான நிலையங்களில் மலிவு விலையில் தேநீரும் சிற்றுண்டியும் தரும் ‘உடான் யாத்ரி கஃபே’ முதலில் கொல்கத்தாவில் வந்தது. இரண்டாவதாக 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்ற விலையில் தொடங்கியது. அது பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தவிர, உள்நாட்டுப் பயணத்தில் புளியோதரைப் பொட்டலத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. நம் ஊரில் ரயிலுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போகத் தயங்காதவர்கள் விமானம் என்றதும் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

கார்டுக் கட்டணம் 5,000 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 5,900 ஆகும். ஒரு முறை லவுஞ்சுக்குப் போவதால் 250 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், கட்டணத்தை ஈடுகட்ட 24 முறை போக வேண்டும். மாதம் ஒரு பயணம் என்றால் போகவர ஆண்டுக்கு 24 புறப்பாடுகள் உங்களுக்கு இருக்கின்றன. ஆக, ஒன்றைக்கூட விடாமல் போனால் கணக்கு நேராகும், லாபம் எதுவும் இல்லை. காலை ஆறு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கு வந்து சேர்பவர் லவுஞ்சில் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறார்? அதிகாலையில் லவுஞ்ச் வாசலில் நிற்கும் வரிசை, சில நாட்களில் பாதுகாப்புச் சோதனை வரிசையைவிட நீளமாக இருக்கும். அலுவலகப் பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பறக்கிறார்கள், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு கார்டு இருக்கிறது.

லவுஞ்ச் உண்மையிலேயே அருமை தெரியும் நேரம் ஒன்று உண்டு: விமானம் தாமதமாகும்போது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலிருந்து பறப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விமான நிலையமே மூடப்பட்டது. ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு: பெரும்பாலான லவுஞ்சுகளில் ஒரு நுழைவுக்கு இரண்டு மணி நேரம், அதிகம் போனால் மூன்று மணி நேரம்தான் அனுமதி. ஐந்து மணி நேரத் தாமதத்தை ஒரு ஸ்வைப்பில் கழித்துவிட முடியாது.

இனி, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இது தெரிந்தால்தான் வாசலில் கார்டு ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை என்பதும், வங்கிகள் ஏன் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்பதும் புரியும்.

லவுஞ்சை நடத்துவது ஒரு நிறுவனம். சென்னையில் ‘டிராவல் கிளப்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள்; அதை நடத்துவது டிராவல் ஃபுட் சர்வீசஸ். உங்களுக்குக் கார்டு தருவது வங்கி. கார்டின் மூலையில் இருக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகியவை கார்டுப் பரிவர்த்தனையை வங்கிக்குக் கொண்டு சேர்க்கும் வலையமைப்புகள். இவர்களுக்கு நடுவே இன்னொருவர் இருப்பார்: எந்தக் கார்டுக்கு எத்தனை நுழைவு பாக்கி இருக்கிறது என்று சரிபார்த்து, லவுஞ்சுக்குப் பணம் போய்ச் சேர வழிசெய்யும் இடைத்தரகர் நிறுவனம். வாசலில் 2 ரூபாய்க்கு ஸ்வைப் செய்கிறார்களே, அது நுழைவுக் கட்டணம் அல்ல. கார்டு உயிரோடு இருக்கிறதா, தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை. நீங்கள் உள்ளே நுழைந்த மறுகணம், உங்கள் தலைக்கு இவ்வளவு என்று வங்கியின் கணக்கிலோ வலையமைப்பின் கணக்கிலோ ஏறுகிறது. நீங்கள் ஒரு காபி மட்டும் குடித்தாலும், மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டாலும் அவர்களுக்கு ஒரே செலவுதான்.

இந்த இடைத்தரகர் வேலையில் இந்தியாவில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது ட்ரீம்ஃபோக்ஸ் என்ற நிறுவனம். 2022இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் ஒருநாள் பல விமான நிலையங்களில் அதன் சேவை தடைபட்டு, கார்டை நீட்டிய பயணிகள் வாசலிலேயே நின்றார்கள். 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்துவதாக அது அறிவித்தது. வங்கிகள் வேறு ஏற்பாடுகளுக்கு மாறின. சிலர் கார்டை ஸ்வைப் செய்யச் சொல்கிறார்கள். சிலர் வங்கியின் செயலியில் வவுச்சரோ க்யூஆர் குறியீடோ முன்கூட்டியே எடுத்து வரச் சொல்கிறார்கள். ஆகவே, ‘போன வருடம் இதே கார்டில் போனேனே’ என்ற வாதம் வாசலில் எடுபடாது. அங்கே நிற்கும் பெண்ணுக்கு மெஷின் சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

தலைக்கு இவ்வளவு என்று செலவு ஏறுவதால்தான் வங்கிகள் விழித்துக்கொண்டன. கொரோனாவுக்குப் பிறகு விமானப் பயணமும் கார்டுகளும் சேர்ந்து பெருகின. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டணமுள்ள கார்டை வாங்கி, வேறெதற்கும் பயன்படுத்தாமல் லவுஞ்சுக்கு மட்டும் நீட்டியவர்கள் ஏராளம். 2023 இறுதியிலிருந்து ஒவ்வொரு வங்கியாகக் கதவை இறுக்கத் தொடங்கியது. எச்டிஎஃப்சி வங்கி தன் ரெகாலியா கார்டுக்கு, 2023 டிசம்பர் 1 முதல், ஒரு காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்தால்தான் உள்நாட்டு லவுஞ்ச் என்றது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு என்று விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் அதை 75,000 ஆக்கியது. எட்டு மாதத்துக்குள் இரு மடங்குக்கு மேல். உங்களிடம் சொல்லப்பட்ட ‘அளவில்லாத’ என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு வரம்பு இருக்கிறதா என்று நிபந்தனைப் பக்கத்தில் தேடுங்கள். அதை விற்பவர் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் பாருங்கள்.

லவுஞ்சின் விலை ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான். உதாரணமாக, காலாண்டுக்கு 75,000 ரூபாய் நிபந்தனை உள்ள கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கிடைக்கும் ரிவார்டின் மதிப்பு செலவில் அரை சதவீதம் என்று வைப்போம். 375 ரூபாய் வருகிறது. அதே 75,000 ரூபாயை, செலவில் 1.5 சதவீதத்தைப் பணமாகவே திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டு ஒன்றில் செலவு செய்திருந்தால் 1,125 ரூபாய் வந்திருக்கும். வித்தியாசம் 750 ரூபாய். அந்தக் கார்டு காலாண்டுக்கு ஒரு நுழைவு மட்டும் தருகிறது என்றால், நீங்கள் சாப்பிட்ட பொங்கலின் விலை 750 ரூபாய். ரசீது வராததால் யாருக்கும் அது உறைப்பதில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டை இலவசம் என்று சொல்லிக்கொண்டே மொய்க் கவரில் ஐந்நூறைச் செருகுவது மாதிரிதான் இதுவும்.

இதைவிட மோசமான ஒன்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இலக்கை எட்ட இன்னும் 12,000 ரூபாய் குறைகிறது என்று தெரிந்து, தேவையில்லாத ஒரு மிக்ஸியையோ நான்காவது ஜோடி ஷூவையோ வாங்குவார்கள். வங்கி எதிர்பார்ப்பது அதைத்தான். செலவுக்குள் எதெல்லாம் சேராது என்ற பட்டியலும் உண்டு. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ ஆகியவற்றைப் பல வங்கிகள் கழித்துவிடுகின்றன. சில, காப்பீட்டுத் தவணையையும் மின்கட்டணத்தையும்கூட. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து அண்ணாச்சி கடையில் ஸ்கேன் செய்யும் தொகை கணக்கில் வருமா என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். வாடகையை நம்பி 75,000 எட்டிவிடும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

காலாண்டு விஷயத்தைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சில வங்கிகள் நடப்புக் காலாண்டுச் செலவைப் பார்க்கின்றன. பல வங்கிகள் முந்தைய காலாண்டைப் பார்க்கின்றன. முந்தைய காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர் என்று நாட்காட்டிப்படி. நம் வீடுகளில் பணம் எப்போது கரைகிறது என்று யோசியுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம். அது ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கான லவுஞ்சைத் திறக்கும், அந்த மாதங்களில் குடும்பத்தோடு எங்கும் போகமாட்டோம். தீபாவளிக்குத் தியாகராய நகரில் துணியும் நகையும் வாங்கினால் அது ஜனவரி முதல் மார்ச் வரைக்கான தகுதியைத் தரும். பொங்கல் விடுமுறைக்கு உதவும், உங்கள் டிசம்பர் சிங்கப்பூர் பயணத்துக்கு உதவாது. டிசம்பரில் நுழைய வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் செலவழித்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதுதான் கணக்கில் வரும்! கோடை விடுமுறையில் மே மாதம் பறப்பவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான செலவு. வரி கட்டும் மாதம் அதில் வருகிறது, ஆனால் அரசுக்குக் கட்டும் தொகையைப் பல வங்கிகள் சேர்ப்பதில்லை.

புதிய கார்டை நவம்பரில் வாங்கி டிசம்பரில் காட்டலாம் என்று நினைத்திருந்தால், முதல் காலாண்டில் நிபந்தனை தளர்த்தப்பட்டிருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். சில கார்டுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை.

இனிச் சிங்கப்பூர். உள்நாட்டு லவுஞ்ச் சலுகையும் பன்னாட்டு லவுஞ்ச் சலுகையும் வேறு வேறு. கார்டில் ‘லவுஞ்ச்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அது பெரும்பாலும் உள்நாட்டுக்கு மட்டும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முனையம் 1, 4 ஆகியவற்றிலிருந்து புறப்படுகின்றன. பன்னாட்டுப் புறப்பாடு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய முனையம் 2இல். பன்னாட்டு லவுஞ்ச் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து, அந்த முனையத்தின் லவுஞ்ச் உங்கள் கார்டின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு முனையத்தில் பாதுகாப்புச் சோதனை முடித்துவிட்டு இன்னொரு முனையத்து லவுஞ்சுக்கு நடந்துபோக முடியாது.

வெளிநாட்டு லவுஞ்சுக்குப் பல கார்டுகள் பிரையாரிட்டி பாஸ் என்ற உறுப்பினர் அட்டையைத் தருகின்றன. 1992இல் தொடங்கிய பிரிட்டிஷ் சேவை அது. உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லவுஞ்சுகளில் செல்லும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது: பல இந்திய கார்டுகளில் பிரையாரிட்டி பாஸின் இலவச நுழைவு இந்தியாவுக்கு வெளியே மட்டும். சென்னையில் அதை நீட்டினாலும் கதவு திறக்கும், யாரும் தடுக்கமாட்டார்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் கட்டணம் வந்து நிற்கும். இரண்டாவது: பல கார்டுகளில் உடன் வருபவர்களுக்கு இலவசம் இல்லை. சில கார்டுகளில் விருந்தினர் ஒருவருக்கு 27 டாலரும் ஜிஎஸ்டியும் பிடிக்கிறார்கள். டாலரை 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 2,295. வரியோடு 2,708 ரூபாய். நீங்கள் இலவசமாக நுழைந்து, மற்ற நால்வரையும் விருந்தினராகக் கூட்டிப்போனால் 10,832 ரூபாய். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் விலக்கு; ஆறு வயது மகளுக்கு முழுத் தலைக்கணக்கு. திரும்பும் வழியில் சாங்கி விமான நிலையத்திலும் இதே கதை. என்னைக் கேட்டால் சாங்கியில் லவுஞ்சைத் தேடி அலைவதே வீண். தோட்டங்கள், குழந்தைகள் விளையாடும் இடங்கள், இலவசத் திரையரங்கு எல்லாம் புறப்பாட்டுப் பகுதியிலேயே இருக்கின்றன. உங்கள் மகள் சோபாவில் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பதைவிட அங்கே மகிழ்ச்சியாக இருப்பாள்.

மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே தரும் கூடுதல் கார்டு) எடுத்தால் அவருக்குத் தனி நுழைவு கிடைக்குமா என்பதும் கார்டைப் பொறுத்தது. சிலவற்றில் கிடைக்கும், சிலவற்றில் உங்கள் எண்ணிக்கையிலேயே பங்கு போட வேண்டும்.

அப்பா, அம்மா விஷயத்தில் வேறொரு வழி இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு ஏதாவது பொதுத்துறை வங்கியில் இருக்கும். அவருடைய டெபிட் கார்டை வாங்கிப் பாருங்கள். ரூபே பிளாட்டினம் அல்லது ரூபே செலக்ட் என்று எழுதியிருந்தால் பல வங்கிகளில் காலாண்டுக்கு ஒரு உள்நாட்டு லவுஞ்ச் நுழைவு உண்டு. செலக்ட் வகையில் வெளிநாட்டு லவுஞ்சும் உண்டு. சாதாரண ரூபே கிளாசிக் என்றால் கிடையாது. பிளாட்டினமாக இருந்தும் தெரியாமல் பீரோவில் கிடக்கும் கார்டுகள் நம் ஊரில் எத்தனையோ. ஒரே சிக்கல், 2 ரூபாய் ஸ்வைப் செய்யும்போது கார்டின் ரகசிய எண்ணைப் போட வேண்டும். அப்பாவுக்கு அது நினைவிருக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் பலமுறை தப்பாகப் போட்டால் கார்டு தற்காலிகமாக முடங்கிவிடக்கூடும், அதுவரை அது வெறும் பிளாஸ்டிக். வெளிநாட்டில் ஸ்வைப் செய்ய வேண்டிய கார்டு எதுவானாலும், செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் செல்லும்படிதான் தரப்படுகின்றன. மற்றவற்றை நாமே திறந்துகொள்ள வேண்டும்.

வாசலில் கவனிக்க வேண்டியவை சில. கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நம் ஊர் இனிஷியல் குழப்பத்தால், ‘எஸ். முருகன்’ ஒன்றிலும் ‘முருகன் சுப்பிரமணியன்’ இன்னொன்றிலும் இருந்தால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கார்டின் புகைப்படம் பெரும்பாலும் செல்லாது. இறங்கிய பிறகு லவுஞ்சுக்குப் போக முடியாது, புறப்படும்போது மட்டும்தான். இயந்திரம் மறுத்தால் உடனே பணம் கட்டி நுழைந்துவிடாதீர்கள். பையில் இருக்கும் இன்னொரு கார்டை நீட்டிப் பாருங்கள். ஒரு வலையமைப்பில் கோளாறு என்றால் இன்னொன்று வேலை செய்யக்கூடும். அந்த வகையில் ஒரு விசாவும் ஒரு ரூபேயும் கையில் இருப்பது நல்லது. 2024 செப்டம்பர் முதல் பெரிய வங்கிகள் புதிய கிரெடிட் கார்டு தரும்போது எந்த வலையமைப்பு வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விற்பவர் கேட்கமாட்டார், நீங்கள் கேளுங்கள்.

அப்படியானால் டிராவல் கார்டே வேண்டாமா? வேண்டும், உங்கள் நிலைமையில் ஒன்று வேண்டும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணம் வேறு. வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது சாதாரண கார்டுகள் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்கின்றன. அதன்மேல் ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம். ஐந்து பேர் சிங்கப்பூரில் தங்கி, சாப்பிட்டு, சுற்றி, முஸ்தபாவில் கொஞ்சம் வாங்கி ஒன்றரை லட்சம் ரூபாய் செலவு செய்தால் 6,195 ரூபாய் இப்படியே போய்விடும். 2 சதவீதக் கட்டணமுள்ள கார்டில் வரியோடு 3,540. கட்டணமே இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன, அதில் சுழியம். அந்த ஒரு பயணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஐந்து பேரும் கோமள விலாஸில் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆகவே அந்த இளைஞர் காட்டிய கார்டின் தாளில் முதலில் பார்க்க வேண்டியது அந்நியச் செலாவணிக் கட்டணம். அடுத்து, ஆண்டுச் செலவு எவ்வளவு எட்டினால் 5,000 ரூபாய் தள்ளுபடியாகும், சேரும்போது தரும் புள்ளிகளை விமான மைலாகவோ டிக்கெட்டாகவோ மாற்றினால் உண்மையில் எத்தனை ரூபாய் பெறும் என்ற இரண்டு கேள்விகள். இவற்றிலேயே கட்டணம் திரும்பி வந்துவிட்டால் வாங்குங்கள். லவுஞ்ச் கூட வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். உங்கள் வழக்கமான வீட்டுச் செலவே காலாண்டுக்கு அந்த வரம்பைத் தாண்டுகிறது, கையில் வேறு நல்ல கேஷ்பேக் கார்டும் இல்லை என்றால் என் ஆட்சேபம் பாதியாகக் குறையும்.

இன்னொன்று. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் இருந்தால்தான் இந்தப் பேச்செல்லாம். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை இழுத்தால் மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி ஏறும். ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம், அதன்மேலும் ஜிஎஸ்டி. கந்துவட்டிக்காரரைத் திட்டுகிறோம், இதைச் செயலியில் ஒரு பட்டனைத் தட்டி ஏற்றுக்கொள்கிறோம்.

வாங்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே புள்ளிகளைச் செலவழித்து, பாக்கியைச் சுத்தமாகக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்று அவர்களே இறங்கி வருவதும் உண்டு. அப்போது வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கலாம். மூடத்தான் வேண்டும் என்றால், பாக்கி எதுவும் இல்லாத நிலையில் கோரிக்கை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. மின்னஞ்சலில் அந்த விதியை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்; வேலை சீக்கிரம் நடக்கும்.